வாங்கி பத்து நாள்கூட ஆகல... மக்கர் பண்ணும் செகண்ட் ஹேண்ட் கார்: திருப்பிக் கொடுப்பதா, ரிப்பேர் செய்வதா?

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய்ப் பார்த்தாச்சு. ஒரு ரவுண்டு ஓட்டியும் பார்த்தாச்சு. சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்து, மாலை போட்டு வீட்டுக்கு ஓட்டி வந்து பத்து நாள்கூட ஆகவில்லை. முதல் வெளியூர்ப் பயணத்தில் திண்டிவனம் தாண்டுவதற்குள் டெம்பரேச்சர் முள் மேலே ஏறிவிட்டது. ஓரமாக நிறுத்தி பானெட்டைத் திறந்தால் கூலன்ட் டேங்க் காலி. பக்கத்து ஷெட் மெக்கானிக் எட்டிப் பார்த்துவிட்டு, "ஹெட் கேஸ்கெட் போயிருக்கும் போல சார், இறக்கினாத்தான் தெரியும்" என்கிறார். விற்ற கன்சல்டிங்குக்கு போன் போட்டால், "பழைய வண்டின்னா அப்படித்தான் சார் இருக்கும். நீங்க பாத்துதானே எடுத்தீங்க" என்று பதில் வருகிறது.

இது ஒரு உதாரணக் காட்சிதான். ஆனால் செகண்ட் ஹேண்ட் கார் வாங்கிய பலருக்கும் இதில் ஏதோ ஒரு பகுதி பழக்கமானதாக இருக்கும். நகையை அடகு வைத்தோ, லோன் போட்டோ வாங்கிய வண்டி ஷெட்டில் நிற்கும். இஎம்ஐ மட்டும் தேதி தவறாமல் போய்க்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் எடுக்க வேண்டிய முடிவு ஒன்றுதான். வண்டியைத் திருப்பிக் கொடுத்து பணத்தைக் கேட்பதா, இல்லை செலவு செய்து சரி பண்ணி ஓட்டுவதா?

விற்றது யார், குறை எப்போது தெரிந்தது, அது எப்படிப்பட்ட குறை ஆகிய மூன்றையும் வைத்துத்தான் இதை முடிவு செய்ய முடியும். அதற்கும் முன்னால் வருவது, குறை தெரிந்த முதல் இரண்டு நாளில் வாங்கியவர் என்ன செய்தார் என்பது.

அவசரப்பட்டு இன்ஜினை இறக்காதீங்க

பெரும்பாலானோர் தவறு செய்யும் இடம் இதுதான். வண்டி நின்றதும் பதற்றத்தில் தெரிந்த மெக்கானிக்கிடம் விட்டு, பிரித்து, பார்ட்ஸ் மாற்றி, அதன் பிறகு பில்லை எடுத்துக்கொண்டு டீலரிடம் போவார்கள். அங்கே வரும் முதல் கேள்வி, "யாரைக் கேட்டு பிரிச்சீங்க?" அந்தக் கேள்வியில் சட்டப்படியும் கொஞ்சம் நியாயம் இருக்கிறது. பிரித்துச் சரி செய்த பிறகு, அந்தக் குறை விற்கும்போதே இருந்ததா, பிறகு வந்ததா என்று சோதித்துப் பார்க்க எதுவும் மிச்சமிருக்காது.

இன்னொரு சிக்கலும் உண்டு. 1930-ஆம் ஆண்டின் சரக்கு விற்பனைச் சட்டப்படி, வாங்கியவர் பொருளை 'ஏற்றுக்கொண்டுவிட்டார்' என்றால் அதற்கு மேல் பொதுவாகத் திருப்பிக் கொடுக்கும் உரிமை கிடையாது; நஷ்டஈடு மட்டும்தான் கேட்கலாம். ஏற்றுக்கொண்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் என்றில்லை. நியாயமான காலத்துக்குள் "எனக்கு இந்த வண்டி வேண்டாம்" என்று விற்றவரிடம் சொல்லாமல் வைத்திருந்தாலே ஏற்றுக்கொண்டதாகக் கருத இடமுண்டு. தன் சொந்தப் பொருள் போலப் பார்ட்ஸ் மாற்றுவது, அதை வைத்து ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓட்டுவது எல்லாம் அந்தக் கணக்கில்தான் வரும்.

அதனால் முதல் வேலை வண்டியை நிறுத்துவது. ஓடோமீட்டரை போட்டோ எடுக்க வேண்டும். டேஷ்போர்டில் எரியும் லைட், புகை, சத்தம் எல்லாவற்றையும் வீடியோ எடுத்து, அதே நாளில் விற்றவருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்ப வேண்டும். போனில் பேசினால் மட்டும் போதாது. "இன்ன தேதியில் வாங்கிய இன்ன நம்பர் வண்டி, இன்று இவ்வளவு கிலோமீட்டரில் இந்தக் கோளாறு, வந்து பார்க்கவும்" என்று நாலு வரி எழுத்தில் இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாளில் பதில் வரவில்லை என்றால் அதையே கடிதமாக ஸ்பீட் போஸ்ட்டில் ஒப்புகையுடன் அனுப்பலாம். (ரெஜிஸ்டர்டு போஸ்ட் சேவை 2025 செப்டம்பரில் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைக்கப்பட்டுவிட்டது.)

அடுத்தது, அந்தக் கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் வண்டியைக் காட்டி, பிரிக்காமல் என்ன கண்டுபிடிக்க முடியுமோ அதை எழுத்தில் வாங்குவது. ஸ்கேன் ரிப்போர்ட், கம்ப்ரெஷன் டெஸ்ட் ரிசல்ட், எஸ்டிமேட் மூன்றும் கையில் இருந்தால் நல்லது. இதற்கு ஆகும் செலவைப் பார்க்கக் கூடாது. நுகர்வோர் ஆணையங்களில் கார் வழக்குகள் பல தோற்றதற்குக் காரணம், குறை இல்லை என்பதல்ல. குறையைச் சொல்லும் நிபுணர் அறிக்கை இல்லை என்பதுதான்.

இதோடு பழைய விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட்டையும் தேடி எடுத்து வைக்க வேண்டும். 'சிங்கிள் ஓனர், டாக்டர் ஓட்டிய வண்டி, நோ ஆக்சிடென்ட், ஷோரூம் கண்டிஷன்' என்று போட்டிருந்த அந்த விளம்பரம், பிரச்னை கிளம்பிய மறுநாளே காணாமல் போவது வழக்கம்.

விற்றது டீலரா, தனிநபரா?

ஒரே கார், ஒரே கோளாறு. ஆனால் யாரிடம் வாங்கியது என்பதைப் பொறுத்து வழியே மாறிவிடும்.

கன்சல்டிங், கம்பெனிகளின் யூஸ்டு கார் ஷோரூம், ஆன்லைன் நிறுவனம் என வியாபாரமாகச் செய்பவரிடம் வாங்கியிருந்தால், 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருந்தும். பழைய பொருள் என்பதற்காக வாங்கியவர் நுகர்வோர் இல்லை என்று ஆகிவிடாது. கால் டாக்சி ஓட்டிப் பிழைக்கத் தானே ஓட்டுவதற்கு வாங்கியவரும் நுகர்வோர்தான். பத்து வண்டி வாங்கி டிரைவர் போட்டு ஓட்டுபவர் வரமாட்டார்.

பக்கத்துத் தெருக்காரரிடமோ, ஆன்லைனில் தன் சொந்தக் காரை விற்ற ஒருவரிடமோ வாங்கியிருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்குப் போவது கடினம். அவர் வியாபாரி அல்ல. அங்கே 1872 ஒப்பந்தச் சட்டம்தான் கைகொடுக்கும். தெரிந்தே பொய் சொல்லியோ, உண்மையை மறைத்தோ விற்றிருந்தால் அந்த ஒப்பந்தத்தை வாங்கியவர் ரத்து செய்யலாம். இதிலும் ஒரு கண்டிஷன் இருக்கிறது. விற்றவர் சும்மா வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால், சாதாரண கவனத்தோடு பார்த்திருந்தாலே அந்தக் குறை தெரிந்திருக்கும் என்றால் ரத்து செய்ய முடியாது. 'நான் கேட்டேன், அவர் இல்லைன்னு சொன்னார்' என்பதற்கு ஒரு மெசேஜ் ஆதாரம் இருந்தால் நிலைமையே வேறு. அதனால்தான் வாங்குவதற்கு முன்பே "ஆக்சிடென்ட் ஆச்சா, வெள்ளத்தில் நின்றதா, இன்ஜின் இறக்கியிருக்கா" என்று வாட்ஸ்அப்பில் கேட்டு பதில் வாங்குவது நல்லது.

நடைமுறையில் பார்த்தால், தனிநபரிடம் வாங்கிய வண்டியில் நடுத்தரக் கோளாறு என்றால் ரிப்பேர் செய்துவிட்டு, அந்தச் செலவில் ஒரு பங்கைப் பேசி வாங்குவதுதான் பெரும்பாலும் முடிகிற காரியம். சிவில் கோர்ட்டுக்குப் போகும் அளவுக்கு மதிப்பு இருக்கிறதா என்பதை முதலில் யோசிக்க வேண்டும்.

டீலர் விஷயத்தில் இன்னொன்றும் பார்க்கலாம். 2023 ஏப்ரல் 1 முதல், பழைய வண்டி விற்கும் டீலர்கள் ஆர்டிஓவிடம் அங்கீகாரச் சான்று பெற வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகள் திருத்தப்பட்டன. சான்று ஐந்து ஆண்டுகளுக்குச் செல்லும். உரிமையாளர் வண்டியை டீலரிடம் ஒப்படைத்ததைப் பதிவு செய்துவிட்டால், விற்கும்வரை டீலரே அதன் உரிமையாளராகக் கருதப்படுவார். இந்த வழியில் வந்த வண்டி என்றால், "நான் வெறும் புரோக்கர்தான், ஓனரைக் கேளுங்க" என்று டீலர் நழுவ முடியாது. ஆனால் இன்னும் பல கன்சல்டிங்குகளில் பழைய ஓனரிடம் கையெழுத்து மட்டும் வாங்கி வைத்து, நேரடியாகப் புது ஓனர் பெயருக்கு மாற்றும் பழக்கம்தான் இருக்கிறது. பில் யார் பெயரில் இருக்கிறது, பணம் யார் அக்கவுன்ட்டுக்குப் போனது என்பதே அப்போது முக்கியமான ஆதாரம். முழுப் பணத்தையும் ரொக்கமாகக் கொடுத்துவிட்டு பில்லும் வாங்காதவர் பாடு திண்டாட்டம்தான்.

30 நாள் கணக்கு என்ன?

'விற்ற பொருள் திரும்பப் பெறப்பட மாட்டாது' என்ற போர்டைப் பார்த்துப் பார்த்து, அதுதான் சட்டம் என்று நம்பிவிட்டோம். நுகர்வோர் சட்டம் சொல்வது வேறு. குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுக்க வியாபாரி மறுத்தால் அது நியாயமற்ற வணிக நடைமுறை. எத்தனை நாளுக்குள்? பில்லில் ஒரு காலம் போட்டிருந்தால் அதற்குள். எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள்.

சில பெரிய யூஸ்டு கார் நிறுவனங்கள் ஐந்து நாள், ஏழு நாள் என்று ரிட்டர்ன் வசதி தருகின்றன. அதில் எவ்வளவு கிலோமீட்டருக்குள் ஓட்டியிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். இந்த வசதி இருப்பவர் யோசிக்கவே தேவையில்லை, சந்தேகம் வந்தாலே திருப்பிக் கொடுத்துவிடலாம். காரணம் கேட்காமல் வாங்கிக்கொள்ளும் அந்தச் சில நாளை, "சர்வீஸுக்கு விட்டுப் பார்ப்போம்" என்று கடத்திவிட்டுப் பிறகு சண்டை போடுபவர்கள்தான் அதிகம். "சரி பண்ணித் தர்றோம் சார், வண்டிய விடுங்க" என்று அவர்கள் ஷெட்டில் வாங்கி வைத்துக்கொண்டால், ரிட்டர்ன் கெடு அதுவரை ஓடாது என்று எழுதி வாங்க வேண்டும்.

ஆன்லைனில் வாங்கியவர்களுக்கு 2020 மின்வணிக விதிகளும் துணைக்கு வரும். விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லை என்றாலோ, குறை இருந்தாலோ, திரும்பப் பெற மறுக்கக் கூடாது. அந்தத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரி 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். கஸ்டமர் கேர் சாட்டில் கத்துவதைவிட, அந்த அதிகாரியின் மெயிலுக்கு எழுதுவது மேல்.

பிரிட்டனில் 2015 சட்டப்படி டீலரிடம் வாங்கிய பழைய காருக்கும் 30 நாள் நிராகரிக்கும் உரிமை நேரடியாகவே உண்டு. அதன் பிறகு ஆறு மாதம் வரை தெரியும் குறை, விற்கும்போதே இருந்ததாக எடுத்துக்கொள்ளப்படும். 'அப்போது இல்லை' என்று நிரூபிப்பது விற்றவர் பொறுப்பு. இங்கே அந்தச் சுமை வாங்கியவர் தலையில்தான் விழுகிறது.

எந்தக் குறைக்கு ரிப்பேர், எதற்கு ரிட்டர்ன்?

பழைய கார் என்றால் தேய்மானம் இருக்கும். பிரேக் பேட், டயர், பேட்டரி, வைப்பர், சஸ்பென்ஷன் புஷ், கிளட்ச் எல்லாம் ஓட ஓடத் தேயும் சாமான்கள். ஏழு வருஷ வண்டியில் ஒரு மாதத்தில் பேட்டரி போனால் டீலரைக் குறை சொல்ல முடியாது. மாற்றிவிட்டு ஓட்ட வேண்டியதுதான். ஏசி கூலிங் குறைவது, பவர் விண்டோ மோட்டார் போவது போன்றவையும் கிட்டத்தட்ட அந்த வகைதான். வாரன்டி கொடுத்திருந்தால் அதில் எது எது அடங்கும் என்று படித்துப் பார்க்க வேண்டும். 'இன்ஜின், கியர்பாக்ஸ் மட்டும்' என்று இருந்தால் ஏசி கம்ப்ரஸர் வராது.

கண்ணில் பட்டிருக்க வேண்டிய குறையும் இதே பக்கம்தான். வண்டியைப் பார்த்துச் சோதித்து வாங்கியிருந்தால், அந்தச் சோதனையில் தெரிந்திருக்க வேண்டிய குறைக்குப் பிறகு விற்றவரைப் பிடிக்க முடியாது என்கிறது சரக்கு விற்பனைச் சட்டம். கதவில் பட்டி போட்ட இடம், வழுக்கையான டயர், கிழிந்த சீட் இதெல்லாம் இனி பேசிப் பயனில்லை.

மறைந்த குறை வேறு. ஆரம்பத்தில் சொன்ன ஹெட் கேஸ்கெட் கதையையே எடுத்துக்கொள்ளலாம். ஊருக்குள் பத்து நிமிடம் ஓட்டிப் பார்த்தால் அது தெரியாது. நெடுஞ்சாலையில் ஒரு மணி நேரம் ஓடினால்தான் வெளியே வரும். கூலன்ட் குறைந்துகொண்டே இருப்பது, வெள்ளைப் புகை, ஆயில் மூடியைத் திறந்தால் காபியில் பால் ஊற்றிய நிறத்தில் பசை போல் ஒட்டியிருப்பது இவைதான் அடையாளம். நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். இதை விற்பதற்கு முன் கெட்டி ஆயில் ஊற்றிச் சில நாள் மறைக்கலாம். கறுப்புப் புகை அவ்வளவு பயப்பட வேண்டியது இல்லை. எரிபொருள் அதிகமாகப் போவதால் வருவது, பல நேரம் சின்ன வேலையில் முடியும்.

டேஷ்போர்டு லைட்டில் ஒரு தில்லுமுல்லு உண்டு. சாவியைப் போட்டு இக்னிஷன் ஆன் செய்ததும் செக் இன்ஜின், ஏர்பேக், ஏபிஎஸ் லைட்டுகள் எல்லாம் ஒருமுறை எரிந்து பிறகு அணைய வேண்டும். எரியவே இல்லை என்றால் எல்லாம் நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. லைட்டையே துண்டித்திருக்கலாம். ஏர்பேக் ஒருமுறை வெடித்த வண்டியில் புது ஏர்பேக் போடாமல் மூடியை மட்டும் ஒட்டி விற்பவர்கள் செய்யும் வேலை இது. ஸ்கேன் டூல் வைத்து எர்ரர் கோடை அழித்திருந்தாலும், சமீபத்தில் அழிக்கப்பட்டிருக்கிறது என்பதை விவரம் தெரிந்த டெக்னீஷியன் கண்டுபிடித்துவிடுவார்.

இப்படி உயிர் சம்பந்தப்பட்ட குறைகளில், அதாவது ஏர்பேக், ஸ்டீயரிங், பிரேக், விபத்தில் வளைந்து வெல்டிங் வைத்த சேசிஸ் போன்றவற்றில், ரிப்பேர் என்ற பேச்சுக்கே இடம் கொடுக்க வேண்டியதில்லை. விலை குறைத்துத் தருகிறோம் என்றாலும் வேண்டாம். வளைந்த சேசிஸை ஜாக்கி போட்டு இழுத்து நிமிர்த்தலாம். அடுத்த விபத்தில் அது முன்பு போல் தாங்கும் என்று யாரும் எழுதிக் கொடுக்க மாட்டார்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியும் அதே பட்டியல்தான். சென்னையில் 2015 டிசம்பர் மழையிலும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் கார்கள் தண்ணீரில் மிதந்த காட்சி எல்லோருக்கும் நினைவிருக்கும். அப்படி மூழ்கிய வண்டிகளும் துடைத்து, பாலிஷ் போட்டு சந்தைக்கு வருகின்றன. அவை எங்கே போகும் என்று வாங்குபவர் கேட்பதே இல்லை. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பார்த்தால் அடியில் சேற்றுக் கறை இருக்கும். சீட்டுக்கு அடியில் இருக்கும் தண்டவாளத்தில் துரு, கார்பெட்டுக்குக் கீழே மண், ஹெட்லைட்டுக்குள் நீர்க்கோடு, பூட்டி வைத்துத் திறந்தால் ஒரு மக்கிய வாடை. மூழ்கிய வண்டியின் பிரச்னை ஒரு இடத்தில் நிற்காது. இன்று ஒரு சென்சார், அடுத்த மாதம் ஒரு கனெக்டர், மூணாவது மாதம் இசிஎம் என்று வயரிங் முழுக்கத் துரு ஏறிக்கொண்டே போகும். ஒவ்வொன்றாக ரிப்பேர் செய்து இந்தக் காரை ஜெயித்தவர் கிடையாது.

ஓடோமீட்டரைத் திருப்பிய வண்டி என்றால், ரிப்பேர் என்பதே கிடையாது. சரி செய்ய அங்கே எதுவும் இல்லை, விலைதான் பொய். வண்டி நம்பரை வைத்து கம்பெனி சர்வீஸ் சென்டரில் பழைய சர்வீஸ் விவரம் கேட்டால், எந்தத் தேதியில் எவ்வளவு கிலோமீட்டர் ஓடியிருந்தது என்று தெரிந்துவிடும். மூன்று வருஷம் முன்பு 92,000 என்று பதிவான வண்டி இன்று 58,000 காட்டினால், அந்த ஜாப் கார்டு ஒன்றே போதும். இது மோசடி, பாரதிய நியாய சன்ஹிதாவின் 318-வது பிரிவில் போலீசிலும் புகார் கொடுக்கலாம். "இது சிவில் மேட்டர்" என்று ஸ்டேஷனில் சொல்வார்கள். குறைந்தபட்சம் சிஎஸ்ஆர் ரசீதையாவது வாங்கிக்கொண்டு வருவது நல்லது. டீலர் பேச்சுவார்த்தைக்கு வர அது உதவும்.

பேப்பர் கோளாறுக்கும் ரிட்டர்ன்தான். சேசிஸ் நம்பர் ஆர்சியோடு பொருந்தவில்லை, பழைய ஓனரின் ஹெச்பி இன்னும் கேன்சல் ஆகவில்லை, வெளிமாநில வண்டிக்கு என்ஓசி வரவில்லை என்றால், இன்ஜின் எவ்வளவு ஸ்மூத்தாக இருந்தாலும் அது உங்கள் வண்டி ஆகாது. ஹெச்பிக்கு மட்டும் ஒரு கெடு கொடுத்துப் பார்க்கலாம். பாங்க் என்ஓசியும் படிவம் 35-ம் வந்தால் முடிந்துவிடும் வேலை அது.

கணக்குப் போட்டுப் பார்த்தால்...

இடைப்பட்ட கேஸ்தான் கஷ்டம். ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். எல்லாத் தொகையும் உதாரணத்துக்குத்தான். வண்டி 4,20,000 ரூபாய். பெயர் மாற்றம், ஏஜென்ட் செலவு 6,000. இன்சூரன்ஸ் 11,000. லோன் பிராசசிங் 5,000. ஆக 22,000 ரூபாய் வண்டி விலைக்கு மேல் செலவாகிவிட்டது. திருப்பிக் கொடுத்தால் இது அப்படியே திரும்பி வராது. டீலர் "ஓட்டினதுக்கு" என்று 20,000 பிடித்தால் மொத்த நஷ்டம் 42,000.

ஹெட் கேஸ்கெட் மாற்ற எஸ்டிமேட் 25,000. பேப்பரில் பார்த்தால் ரிப்பேர்தான் லாபம். ஆனால் வண்டி இதற்கு முன் பலமுறை சூடேறி ஓடியிருந்தால் சிலிண்டர் ஹெட் வளைந்திருக்கும். அப்போது செலவு 60,000-க்குப் போகலாம், அதன் பிறகும் இன்ஜின் பழையபடி இருக்குமா என்பது சந்தேகம். 25,000-ஆ 60,000-ஆ என்பது பிரித்தால்தான் தெரியும். பிரித்தால் ரிட்டர்ன் கேட்பது சிக்கல். இந்த முடிச்சை அவிழ்க்க ஒரு வழி இருக்கிறது. டீலரின் ஆளையும் வரச் சொல்லி, இரண்டு பேர் முன்னிலையில் பிரிப்பது. "ஹெட் வளைந்திருந்தால் வண்டியைத் திரும்ப எடுத்துக்கொள்கிறோம், இல்லையென்றால் ரிப்பேர் செலவை இன்னார் இவ்வளவு ஏற்பது" என்று முன்கூட்டியே எழுதி இரு தரப்பும் கையெழுத்து போட வேண்டும். டீலர் வர மறுத்தால், வரச் சொல்லி அனுப்பிய கடிதமும் அவர் வராததும் ஆதாரம்தான்.

இன்சூரன்ஸ் கைகொடுக்குமா என்று பலரும் கேட்பார்கள். ஃபுல் கவர் பாலிசியிலும் இயந்திரக் கோளாறுக்கோ தேய்மானத்துக்கோ கிளெய்ம் கிடையாது.

ரிப்பேர் என்று முடிவு செய்தால், டீலர் சொல்லும் ஷெட்டில் அவர் செலவில் செய்தாலும் ஜாப் கார்டு கேட்க வேண்டும். மாற்றிய பழைய பார்ட்ஸைக் கையில் வாங்கிக்கொள்ள வேண்டும். அதே குறை திரும்ப வந்தால் வண்டியைத் திரும்ப எடுக்கும் நிபந்தனையை எழுத்தில் போட வேண்டும். 'முழு திருப்தி, இனி எந்தக் கோரிக்கையும் இல்லை' என்று ஒரு தாளை நீட்டுவார்கள். வண்டியை ஒரு வாரமாவது ஓட்டிப் பார்க்காமல் அதில் கையெழுத்து வேண்டாம். வாங்கும்போதே 'உள்ளபடியே பார்த்து திருப்தியுடன் பெற்றுக்கொண்டேன்' என்று டெலிவரி நோட்டில் கையெழுத்து போட்டிருந்தால் எல்லாம் போச்சா என்றால், இல்லை. உண்மையை மறைத்து விற்றவருக்கு அந்த வரி கவசம் ஆகாது. சாதாரணத் தேய்மானத்துக்கு வேண்டுமானால் அது அவருக்கு உதவும்.

டீலர் மறுத்தால்?

முதலில் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. இலவசம். அவர்கள் தீர்ப்பு சொல்ல மாட்டார்கள், நிறுவனத்துக்குப் புகாரை அனுப்பிப் பதில் கேட்பார்கள். பெயர் கெட்டுவிடும் என்று பயப்படும் பெரிய நிறுவனங்களிடம் இது வேலை செய்யும். தெருமுனை கன்சல்டிங்கிடம் அவ்வளவாக எதிர்பார்க்க முடியாது.

அடுத்து மாவட்ட நுகர்வோர் ஆணையம். 50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு இங்கேயே வழக்கு போடலாம். 5 லட்சம் வரை கட்டணம் எதுவும் இல்லை. 10 லட்சம் வரை 200 ரூபாய். கோயம்புத்தூரில் வாங்கிய காருக்கு மதுரைக்காரர் மதுரையிலேயே வழக்கு போட முடியும். வாங்கியவர் வசிக்கும் ஊரிலோ வேலை பார்க்கும் ஊரிலோ புகார் கொடுக்க 2019 சட்டம் வழி செய்திருக்கிறது. வக்கீல் கட்டாயம் இல்லை. இ-ஜாக்ரிதி தளத்தில் ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். பிரச்னை எழுந்த நாளிலிருந்து இரண்டு வருஷத்துக்குள் செய்ய வேண்டும். குறையை நீக்கித் தரவும், வேறு வண்டி தரவும், வட்டியோடு பணத்தைத் திருப்பித் தரவும், நஷ்டஈடு தரவும் ஆணையம் உத்தரவிடலாம்.

சோதனை தேவைப்படாத வழக்கு மூன்று மாதத்திலும், தேவைப்படும் வழக்கு ஐந்து மாதத்திலும் முடிய வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் நடப்பில் அதைவிட அதிகம் இழுக்கும். அதுவரை இஎம்ஐயை நிறுத்திவிடலாமா? கூடாது. பாங்க்குக்கும் டீலருக்கும் உள்ள தகராறு அல்ல இது. கட்டாமல் விட்டால் சிபில் ஸ்கோர் அடிபடும், வண்டியையும் தூக்கிவிடுவார்கள். கையில் இருந்த ஆதாரமும் போய்விடும். வழக்கு நடக்கும்போது வண்டியை ஓட்டியே ஆக வேண்டிய கட்டாயம் இருந்தால், அறிக்கை, போட்டோ எல்லாம் எடுத்து முடித்து, ஆணையத்திடம் சொல்லிவிட்டு ரிப்பேர் செய்வது பாதுகாப்பு. வாட்ஸ்அப் மெசேஜை ஆதாரமாகக் காட்ட அந்த மெசேஜ் இருக்கும் போனும் முக்கியம் என்பதால், நடுவில் போனை எக்ஸ்சேஞ்சில் போட்டுவிடக் கூடாது.

டீலர் ஒப்புக்கொண்டால், சாவியை எப்போது கொடுப்பது?

பேச்சு முடிந்து, "சரி, வண்டியக் கொண்டு வந்து விடுங்க, பணத்த ரெண்டு நாள்ல போட்டுடறேன்" என்று டீலர் சொல்லும் நேரத்தில்தான் இன்னும் கவனம் தேவை. பணம் அக்கவுன்ட்டில் வராமல் வண்டியை விடுவது ரிஸ்க். லோன் இருந்தால் டீலர் பணத்தை நேராக பாங்க்குக்குக் கட்டி, லோன் முடிந்ததற்கான என்ஓசி வாங்கி, ஹெச்பி கேன்சல் செய்த பிறகுதான் ஆர்சி மாறும். மீதித் தொகை மட்டும் வாங்கியவர் கைக்கு வரும்.

ஆர்சி ஏற்கெனவே புது ஓனர் பெயருக்கு மாறிவிட்டிருந்தால் அதை மறக்கவே கூடாது. வண்டி டீலரிடம் நின்றாலும், ஆர்சியில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் சட்டத்தின் கண்ணில் ஓனர். நவீன் குமார் வழக்கில் 2018-ல் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: வண்டி பலர் கை மாறியிருந்தாலும், விபத்து நடந்த அன்று பதிவில் பெயர் உள்ளவரே நஷ்டஈட்டுக்குப் பொறுப்பு. திருப்பிக் கொடுத்த காரை டீலரின் ஆள் டெஸ்ட் டிரைவ் என்று எடுத்துப்போய் யார் மீதாவது மோதினால், நோட்டீஸ் திருப்பிக் கொடுத்தவர் வீட்டுக்குத்தான் வரும்.

அதனால் படிவம் 29, 30-ல் கையெழுத்து போட்டு வெற்றுத் தாளாகக் கொடுக்காமல், வாங்குபவர் பெயரை நிரப்பி, ஜெராக்ஸ் எடுத்து, தேதியும் நேரமும் கிலோமீட்டரும் எழுதிய டெலிவரி நோட்டில் டீலர் சீலோடு கையெழுத்து வாங்க வேண்டும். அங்கீகாரம் பெற்ற டீலர் என்றால் வண்டி அவரிடம் ஒப்படைக்கப்பட்டதைப் பரிவாஹன் தளத்தில் பதிவு செய்யச் சொல்லலாம். பெயர் மாறியதா என்று எம்பரிவாஹன் ஆப்பில் வாரம் ஒருமுறை பார்த்தால் போதும், ஆர்டிஓ ஆபீசுக்கு அலைய வேண்டியதில்லை. அப்படியே கண்ணாடியில் ஒட்டிய ஃபாஸ்டேகையும் சாவி கொடுக்கும் நாளிலேயே பாங்க் ஆப்பில் க்ளோஸ் செய்துவிட வேண்டும். இல்லையென்றால் அந்த வண்டி தாண்டும் ஒவ்வொரு டோல்கேட்டுக்கும் பணம் இவர் அக்கவுன்ட்டில் இருந்துதான் போகும்.